சேன் நதியில் மிதந்தவர்களைத் தேடிய ஒரு துப்பறியும் நாவல்

உண்மையறியும் குழுவோடு ஒரு ஊருக்குள் போகும்போது எங்கள் கையில் பெரும்பாலும் ஒரு காகிதம் இருக்கும். முதல் தகவல் அறிக்கை. சம்பவம் நடந்து சில நாள் ஆகியிருக்கும். காலனியில் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் சொல்வதைக் கேட்போம். கேட்கக் கேட்க, கையிலிருக்கும் காகிதமும் காதில் விழும் பேச்சும் வெவ்வேறு ஊர்களைப் பற்றியவை போலத் தோன்றும். காகிதத்தில் "இரு தரப்பினரிடையே வாய்த்தகராறு" என்று இருக்கும். பெண்கள் சொல்வதோ, தெருவிளக்கை அணைத்துவிட்டு உள்ளே புகுந்த கூட்டத்தைப் பற்றி. காகிதத்தில் நேரம் இரவு 11 மணி. பெண்களின் கணக்கில் அது, பிள்ளைகள் இன்னும் சாப்பிட்டு முடிக்காத நேரம்.

ஐம்பது வருடம் கழித்து ஒரு ஆய்வு மாணவர் இந்தச் சம்பவத்தைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்கள் அப்போது இருக்க மாட்டார்கள். காகிதம் இருக்கும். மாணவர் அதைத்தான் மேற்கோள் காட்டுவார். "இரு தரப்பினரிடையே வாய்த்தகராறு" என்பது வரலாறாகிவிடும்.

இந்தக் கவலையோடுதான் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில மாதங்களாகத் துப்பறியும் நாவல்கள் படித்து வருகிறோம். சிரிக்காதீர்கள் தோழர்களே. பேருந்து நிலையக் கடையில் பாக்கெட் நாவல் வாங்கி, ஊர் வந்து சேர்வதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்த தலைமுறைதான் நாம். ஆனால் நாங்கள் படித்தது வேறொரு வகை. நேற்று நடந்த கொலையை விட்டுவிட்டு, வரலாறு எப்போதோ தீர்ப்பு எழுதி மூடிவிட்ட கொலையை மறுவிசாரணை செய்யும் நாவல்கள். அவற்றில் இரண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம். ஒன்று ஒரு மன்னனுக்காக வாதாடியது. இன்னொன்று, தலைநகரின் நடுவே கொன்று ஆற்றில் வீசப்பட்டவர்களை நினைவுக்குக் கொண்டுவந்தது.

மன்னனுக்காக ஒரு வாதம்

முதல் நாவல், ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜோசஃபின் டே 1951ல் எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்'. எலிசபெத் மெக்கிண்டோஷ் என்பது அவருடைய இயற்பெயர். உண்மை என்பது காலத்தின் மகள் என்ற பழமொழியிலிருந்து வந்த தலைப்பு. 1990ல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த நாவல்களின் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

கதை எளிமையானது. ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட் கால் உடைந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். பொழுது போகவில்லை. ஒரு பழைய ஓவியத்தின் படி கையில் கிடைக்கிறது. அந்த முகத்தில் அவருக்குக் கொலைகாரன் தெரியவில்லை. யார் என்று பார்த்தால், இங்கிலாந்தின் மன்னன் மூன்றாம் ரிச்சர்ட். 1483ல் அண்ணனின் பிள்ளைகளான 12 வயது, 9 வயதுச் சிறுவர்கள் இருவரை லண்டன் கோட்டையில் அடைத்துக் கொன்றவன் என்று பள்ளிப் பாடம் முதல் ஷேக்ஸ்பியர் நாடகம் வரை சொல்லப்பட்டவன்.

கிராண்ட் படுக்கையிலிருந்தே விசாரணையைத் தொடங்குகிறார். ஒரு அமெரிக்க இளைஞர் நூலகத்திலிருந்து ஆவணங்களைத் தேடிக் கொண்டுவருகிறார். ரிச்சர்டைக் கொடியவனாகக் காட்டும் முக்கியச் சாட்சி தாமஸ் மோர். மோர் பிறந்தது 1478ல். ரிச்சர்ட் போரில் இறந்தது 1485ல். ஏழு வயதுக் குழந்தை எதை நேரில் பார்த்திருக்க முடியும்? அவர் எழுதியது எல்லாம் யாரோ சொல்லக் கேட்டது. சொன்னவர்கள் யார்? ரிச்சர்டைத் தோற்கடித்து அரியணை ஏறிய ஏழாம் ஹென்றியின் ஆட்கள். அந்தச் சிறுவர்கள் உயிரோடு இருந்தால் யாருடைய அரியணைக்கு ஆபத்து? இப்படியே போய், கொலைக்கான காரணம் ரிச்சர்டை விட ஹென்றிக்குத்தான் அதிகம் என்று கிராண்ட் முடிக்கிறார்.

இந்த முடிவை ஏற்காத வரலாற்றாய்வாளர்கள் பலர். அது நமக்கு முக்கியமில்லை. எங்கள் வட்டத்தில் கல்லூரி மாணவர்களைப் பிடித்துக்கொண்டது அந்த முறை. சாட்சி அந்த இடத்தில் இருந்தாரா? அவர் யாருடைய சம்பளத்தில் எழுதினார்? இறந்தவர் இறந்ததால் யாருக்கு ஆதாயம்? ஆவணத்தில் இருக்க வேண்டிய எது இல்லாமல் இருக்கிறது? சமூகவியல் முதுகலையில் ஆய்வுமுறை என்ற பெயரில் ஒரு பருவம் முழுக்க நாங்கள் படித்ததை, இந்த நாவல் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் அதே நாவலில் ஒரு இடம் வருகிறது. படித்தபோது எங்களில் பலர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டோம்.

பொய்யென்று தெரிந்தும் நிலைத்துவிட்ட வரலாற்றுக் கதைகளுக்குக் கிராண்ட் ஒரு பொதுப்பெயர் வைக்கிறார்: டோனிபாண்டி. இது வேல்ஸ் நாட்டில் ரோண்டா பள்ளத்தாக்கில் உள்ள நிலக்கரிச் சுரங்க ஊர். 1910 நவம்பரில் அங்கே கூலிக்காகப் போராடிய சுரங்கத் தொழிலாளர்கள் மீது அரசு படையை ஏவிச் சுட்டது என்று மக்கள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை, லண்டனிலிருந்து போன போலீஸார் கையில் ஆயுதமே இல்லை, அங்கே சிந்தியது சிலருடைய மூக்கு ரத்தம் மட்டுமே என்பது கிராண்டின் வாதம்.

டோனிபாண்டியில் ராணுவம் சுடவில்லை என்பது சரிதான். ஆனால் அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் காயமடைந்தார்கள். சாமுவேல் ரைஸ் என்ற தொழிலாளி தலையில் அடிபட்டு இறந்தார். போலீஸ் தடியால் விழுந்த அடி என்றே தொழிலாளர்கள் சொன்னார்கள். ராணுவமும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு, 1911 ஆகஸ்டில், அதே வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ராணுவம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். உள்துறை அமைச்சர் இரண்டு முறையும் ஒருவர்தான்: வின்ஸ்டன் சர்ச்சில். மக்களின் நினைவு ஊரை வேண்டுமானால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ரத்தத்தை அது கற்பனை செய்யவில்லை.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த மன்னனுக்காக ஒவ்வொரு காகிதத்தையும் புரட்டிப் பார்த்த துப்பறிவாளர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடிபட்ட தொழிலாளியின் விஷயத்தில் ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டவில்லை. அரசு சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார். அந்த மன்னனின் எலும்புகள் 2012ல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. 2015ல் அவற்றை தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நல்லது. மறுவிசாரணை யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி மட்டும் எங்களை விடவில்லை.

பாரிஸ், 1961 அக்டோபர் 17

அந்தக் கேள்விதான் எங்களை இரண்டாவது நாவலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைப் பேசுவதற்கு முன் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும்.

அல்ஜீரியா 1830 முதல் பிரான்சின் பிடியில் இருந்த நாடு. 1954ல் விடுதலைப் போர் தொடங்கியது. அந்தப் போர் நடக்கும்போதே லட்சக்கணக்கான அல்ஜீரியர்கள் பிரான்சில் கூலிகளாக இருந்தார்கள். கார் தொழிற்சாலை, கட்டட வேலை, சாலை வேலை எல்லாம் அவர்கள் கையில். குடியிருந்ததோ நாந்தேர் போன்ற புறநகர்களில், தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகளில்.

1961ல் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கூடவே, பாரிஸில் அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணியின் தாக்குதலில் போலீஸாரும் கொல்லப்பட்டார்கள். பாரிஸ் காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன் ஒரு போலீஸ்காரரின் இறுதிச்சடங்கில், நம்மேல் விழும் ஒரு அடிக்குப் பத்து அடி திருப்பித் தருவோம் என்ற பொருளில் பேசினார். அக்டோபர் 5 அன்று அல்ஜீரியர்களுக்கு மட்டும் ஊரடங்கு வந்தது. இரவு 8.30 முதல் காலை 5.30 வரை அவர்கள் தெருவில் நடக்கக்கூடாது. ஒரே நகரம், ஒரே தெரு. பிறப்பைப் பார்த்து ஒருவர் நடக்கலாம், ஒருவர் நடக்கக்கூடாது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதை எதிர்த்து முன்னணி அமைதி ஊர்வலத்துக்கு அழைப்பு விடுத்தது. கத்திகூடக் கொண்டுவரக்கூடாது என்று கட்டளை. அக்டோபர் 17 மாலை, மழையில், இருபதாயிரம் பேருக்கும் மேல் புறநகர்களிலிருந்து கிளம்பினார்கள். இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, பெண்களும் பிள்ளைகளுமாக. பாலங்களிலும் மெட்ரோ வாசல்களிலும் போலீஸ் காத்திருந்தது. போலீஸார் சுடப்பட்டதாக வயர்லெஸ்ஸில் பொய்ச் செய்தி பரவியது. அன்றிரவு ஒரு போலீஸ்காரர்கூடத் துப்பாக்கிக் குண்டில் சாகவில்லை. அல்ஜீரியர்களைச் சுட்டார்கள், தடியால் மண்டையை உடைத்தார்கள், பாலத்திலிருந்து சேன் நதியில் தூக்கி எறிந்தார்கள். 11,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து விளையாட்டரங்கங்களில் அடைத்தார்கள். அங்கேயும் அடி தொடர்ந்தது.

அரசு சொன்ன சாவுக் கணக்கு மூன்று. நதியில் உடல்கள் மிதந்தபோது, அல்ஜீரியக் கோஷ்டிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது என்றார்கள். உடனடியாக எழுதப்பட்ட புத்தகத்தைப் போலீஸ் பறிமுதல் செய்தது. எடுக்கப்பட்ட ஆவணப்படம் பல ஆண்டு தடையில் கிடந்தது. 1962 மார்ச்சில் பொதுமன்னிப்பு ஆணை வந்தது. ஒழுங்கைக் காக்கும் பெயரில் நடந்த எதற்கும் வழக்கு கிடையாது. ஒரு போலீஸ்காரர்கூடக் கூண்டில் ஏறவில்லை. சில நாள் கழித்து நதிக்கரைச் சுவரில் யாரோ எழுதினார்கள்: "இங்கே அல்ஜீரியர்கள் மூழ்கடிக்கப்படுகிறார்கள்." அதைப் படமெடுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

அச்சகத் தொழிலாளி எழுதிய நாவல்

திதியே தெனெங்க்ஸ் 1949ல் பாரிஸின் புறநகரில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பல ஆண்டுகள் அச்சகத் தொழிலாளி. 1961ல் அவருக்கு வயது 12. அடுத்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று, அல்ஜீரியப் போரை எதிர்த்து பாரிஸில் இடதுசாரிகள் நடத்திய ஊர்வலத்தைப் போலீஸ் தாக்கியது. ஷரோன் மெட்ரோ நிலையத்தில் ஒன்பது பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் தெனெங்க்ஸின் குடும்பத்துக்குத் தெரிந்த, அதே பகுதியைச் சேர்ந்த பெண். அந்த ஒன்பது பேரின் இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். அப்போதும் காவல்துறைத் தலைவர் பப்போன்தான். ஷரோன் பிரெஞ்சு இடதுசாரிகளின் நினைவில் நின்றது. நான்கு மாதம் முன்பு அதே நகரத்தில் அதே போலீஸ் கொன்ற அல்ஜீரியர்களை அவர்களும் மெல்ல மறந்தார்கள். கூட்டாளிகளின் நினைவிலும் யாருடைய பிணத்துக்கு இடம், யாருடையதற்கு இல்லை என்ற வரிசை இருக்கிறது. நம் அனுபவத்துக்கு இது புதிதில்லை.

தெனெங்க்ஸின் நாவல் 1984ல் வந்தது. 'மெர்த்ர் பூர் மெமுவார்', நினைவுக்கான கொலைகள் என்று சொல்லலாம். வெளியிட்டது காலிமார் பதிப்பகத்தின் 'செரி நுவார்', நம் பாக்கெட் நாவல் போல மலிவு விலைத் துப்பறியும் வரிசை. வரலாற்றுப் பேராசிரியர்கள் தொடாத விஷயம் ரயிலில் படிக்கும் புத்தகத்தில் வந்தது. நாங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தோம்.

நாவல் அக்டோபர் 17 அன்றே தொடங்குகிறது. ஊர்வலத்துக்குக் கிளம்பும் அல்ஜீரிய இளைஞர்களைப் பின்தொடர்கிறோம். போலீஸ் தாக்குகிறது. அந்தக் குழப்பத்தில், ஊர்வலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ரோஜே திரோ என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்படுகிறார். இருபது வருடம் கழித்து, வரலாறு படிக்கும் அவருடைய மகன் துலூஸ் நகரில் ஆவணக்காப்பகத்திலிருந்து வெளியே வந்தபின் கொல்லப்படுகிறான். இன்ஸ்பெக்டர் காடேன் விசாரிக்கிறார். மகன் ஏன் செத்தான் என்று கேட்டால் தந்தை ஏன் செத்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டால் அக்டோபர் 17 வருகிறது. அதையும் தாண்டிப் போனால் 1942 வருகிறது. தந்தை எழுதிக்கொண்டிருந்தது தன் ஊரான திரான்சியின் வரலாறு. நாஜிகளின் மரண முகாம்களுக்கு அனுப்பும் முன் பிரான்சின் யூதர்களைத் திரட்டி வைத்த முகாம் இருந்த ஊர் அது. யூதர்களை, குழந்தைகள் உட்பட, பட்டியல் போட்டு அனுப்பிய ஒரு அதிகாரி போருக்குப் பிறகும் பதவியில் உயர்ந்துகொண்டே போயிருக்கிறார். அந்தக் கையெழுத்தை யாரும் பார்த்துவிடக்கூடாது.

கதையைச் சொல்லிவிட்டோம் என்று கோபிக்காதீர்கள். இந்த நாவலில் கொலைகாரன் யார் என்பது பெரிய மர்மமில்லை. யூதர்களை ரயிலேற்றிய கையும் அல்ஜீரியர்களை நதியில் தள்ளிய கையும் ஒன்று என்பதுதான் அதன் கண்டுபிடிப்பு. இது வெறும் கற்பனையும் இல்லை. 1981ல் 'லெ கனார் ஆன்ஷெனே' வார இதழ் சில ஆவணங்களை வெளியிட்டிருந்தது. 1942 முதல் 1944 வரை போர்தோ நகரில் மாவட்ட நிர்வாகத்தின் உயரதிகாரியாக இருந்து, யூதர்களை நாடுகடத்தும் உத்தரவுகளில் கையெழுத்திட்டவர் மொரிஸ் பப்போன். 1961ல் பாரிஸ் காவல்துறைத் தலைவர். செய்தி வந்தபோது அவர் நாட்டின் வரவுசெலவுத் துறை அமைச்சர். நாவலாசிரியர் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், பதவிகளின் வரிசையை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் வட்டத்தில் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். ஒரு அட்டூழியத்தை விசாரிக்கும்போது அந்த அதிகாரி இதற்கு முன் எங்கே இருந்தார், இதற்குப் பின் எங்கே போனார் என்று நாம் கேட்பதே இல்லை. சம்பவத்தின் தேதியோடு நின்றுவிடுகிறோம். பணியிட மாறுதல் பட்டியலும் ஒரு தடயம் என்று இந்த நாவல் சொல்கிறது.

நாவலின் முடிவில் ஒரு காட்சி. மெட்ரோ நிலையச் சுவரில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் பழைய விளம்பரத் தாள்களைத் தொழிலாளர்கள் சுரண்டி எடுக்கிறார்கள். அடியிலிருந்து போர்க்காலத்து அறிவிப்பு ஒன்று துண்டு துண்டாக எட்டிப் பார்க்கிறது. யூதர்களைக் குறித்த அறிவிப்பு. நாவல் அங்கே முடிகிறது.

நாவலுக்குப் பிறகு

ஒரு நாவல் நீதிமன்றம் ஆகிவிடாது. மீதியை வேறு ஆட்கள் செய்தார்கள்.

ழான்-லுக் எய்னோடி வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. சிறார்களோடு பணியாற்றிய சமூகப் பணியாளர். நம்மைப் போல. அவர் உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார், அல்ஜீரியாவுக்கும் போனார், 1991ல் 'பாரிஸ் போர்' என்ற தலைப்பில் அந்த இரவின் வரலாற்றை எழுதினார். அவர் கணக்கில் இறந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். 1997ல் பப்போன் மீது மனித குலத்துக்கு எதிரான குற்ற வழக்கு தொடங்கியது. அது யூதர்களுக்காக நடந்த வழக்கு. ஆனால் எய்னோடி சாட்சிக் கூண்டில் ஏறி அக்டோபர் 17ஐப் பேசினார். 1998 ஏப்ரலில் பப்போனுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை. அல்ஜீரியர்களுக்காக ஒரு நாள்கூட இல்லை.

எய்னோடி 'லெ மோந்த்' நாளிதழில் பப்போனின் உத்தரவின் கீழ் நடந்தது படுகொலை என்று எழுதினார். பப்போன் அவதூறு வழக்குப் போட்டார். எய்னோடிக்கு ஆவணக்காப்பகத்தின் கதவு திறக்கவில்லை. அப்போது பாரிஸ் ஆவணக்காப்பக ஊழியர்கள் இருவர், பிரிஜித் லெனே, பிலிப் கிரான் ஆகியோர், தாங்கள் பார்த்த கோப்புகளில் இருப்பதை நீதிமன்றத்தில் சொன்னார்கள். 1999ல் பப்போனின் வழக்கு தள்ளுபடியானது. அந்த ஊழியர்கள் இருவருக்கும் கிடைத்தது என்ன? துறைக்குள் பொறுப்புகள் பறிக்கப்பட்டு, பல ஆண்டுகள் வேலையின்றி ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். உண்மை காலத்தின் மகள் என்கிறது பழமொழி. காலம் தானாக எதையும் பெற்றுப் போடுவதில்லை தோழர்களே. யாரோ ஒருவரின் வேலை போகிறது, பதவி உயர்வு போகிறது. அப்புறம்தான் ஒரு கோப்பு வெளியே வருகிறது.

எண்ணிக்கையும் மெல்ல மாறியது. மூன்று என்ற அரசு, தான் அமைத்த குழுவின் 1998 அறிக்கையில் 32 வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு இன்னொரு அறிக்கை 48 என்றது. நதிக் காவல் பிரிவின் பதிவேடுகள் காணாமல் போயிருந்தன. 2001ல் சேன் மிஷேல் பாலத்தருகே பாரிஸ் மாநகராட்சி ஒரு பலகை வைத்தது. 2012ல் அதிபர் ஒல்லாந்த் ரத்தம் தோய்ந்த ஒடுக்குமுறை நடந்ததை ஒப்புக்கொண்டார். 2021ல் அதிபர் மக்ரோன் மன்னிக்க முடியாத குற்றம் என்றார். 2024ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை கண்டனத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை.

பிணம் யாருடையது?

தெனெங்க்ஸைக் கொண்டாடும்போதே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "இந்த நாவல்ல போலீஸ் யாரோட கொலையைத் துப்பறியுது?" பிரெஞ்சு ஆசிரியரின் கொலையையும் அவர் மகனின் கொலையையும். அல்ஜீரியர்கள் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பின்னணி. வாசகரின் கவலையை இழுத்துக்கொண்டு போக ஒரு வெள்ளைக்காரரின் பிணம் தேவைப்பட்டிருக்கிறது. போலீஸின் குற்றத்தை வெளிக்கொண்டு வருபவரும் ஒரு நல்ல போலீஸ்காரர்தான். 1984ல் அந்த வழியில்தான் இந்தச் செய்தியைக் கடத்த முடிந்தது என்று வாதிடலாம். எங்களிலும் சிலர் அப்படித்தான் வாதிட்டோம். அந்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஏனென்றால் தெனெங்க்ஸுக்கு இருபது ஆண்டு முன்பே ஒரு நாவல் இதைச் சொல்லிவிட்டது. வில்லியம் கார்ட்னர் ஸ்மித் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், பாரிஸில் பத்திரிகையாளராக வாழ்ந்தவர். 1963ல் வெளிவந்த அவருடைய 'தி ஸ்டோன் ஃபேஸ்' நாவலின் நாயகன், அமெரிக்க இனவெறிக்குத் தப்பி பாரிஸுக்கு வரும் கறுப்பின இளைஞன். அங்கே அவனுக்கு மரியாதை கிடைக்கிறது. பிறகுதான் பார்க்கிறான்: தன் ஊரில் தனக்கு இருந்த இடத்தில் இங்கே அல்ஜீரியர்கள் இருக்கிறார்கள். அக்டோபர் 17 இரவு அவன் கண்முன்னே நடக்கிறது. ஒடுக்கப்பட்ட ஒருவர் இன்னொரு ஒடுக்கப்பட்டவரை அடையாளம் கண்டு எழுதிய சாட்சியம் அது. அந்த நாவல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது 2021ல்.

தெனெங்க்ஸும் நின்றுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஃபாத்திமா பெதார் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அக்டோபர் 17 அன்று வீட்டிலிருந்து ஊர்வலத்துக்குக் கிளம்பினாள். இரண்டு வாரம் கழித்து சேன் தெனி கால்வாயில் அவள் உடல் கிடைத்தது. பதிவேட்டில் எழுதியது: தற்கொலை. பல்லாண்டுகள் குடும்பமே அந்தச் சொல்லோடு வாழ்ந்தது. எய்னோடியின் ஆய்வுக்குப் பிறகுதான் அவள் பெயர் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் சேர்ந்தது. தெனெங்க்ஸ் பிறகு அவளைப் பற்றி எழுதினார். இந்த முறை நடுவில் இருந்தது ஒரு அல்ஜீரியப் பெண். 2006ல் அவள் எலும்புகள் அல்ஜீரியாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

கிணற்றில், தண்டவாளத்தில், மரக்கிளையில் நம் பிள்ளைகள் கிடைக்கும்போது பதிவேட்டில் முதலில் விழும் சொல் எது என்று உங்களுக்குத் தெரியும்.

நம் நதி

சேன் நதியைப் படித்தபோது எங்களில் யாரும் தாமிரபரணியை நினைக்காமல் இருக்கவில்லை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. தப்பியோடியவர்கள் நீரில் மூழ்கினார்கள் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் எடுத்தார். ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் ஆற்றங்கரைக்கு மக்கள் வருகிறார்கள், மலர் தூவுகிறார்கள்.

பாரிஸும் திருநெல்வேலியும் ஒன்றல்ல. ஆனால் "மூழ்கினார்கள்" என்ற வினைச்சொல் இரண்டு ஊரிலும் ஒரே வேலையைச் செய்கிறது. தள்ளியவரையும் விரட்டியவரையும் வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுகிறது. துப்பறியும் நாவல் படித்துப் பழகியவர் இந்த வாக்கியத்தைப் பார்த்ததும் எழுவாய் எங்கே என்று கேட்பார். அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறோம்.

எனவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் பாட்டி மட்டும் சொல்லும் ஒரு சாவு இருக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சாவு. இந்த விடுமுறையில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்வதைப் பதிவு செய்யுங்கள், தேதியோடு, அவர் சொன்ன சொல் மாறாமல். அப்போது அந்தக் காவல் நிலையத்தில் யார் இருந்தார், வட்டாட்சியர் யார் என்று விசாரியுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு எதெல்லாம் கிடைக்குமோ கேட்டு மனுப் போடுங்கள். கிடைக்காது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். காணாமல் போன கோப்பும் ஒரு தடயம். பாட்டி ஊரை மாற்றிச் சொல்லலாம், வருடத்தை மாற்றிச் சொல்லலாம். டோனிபாண்டியை நினைவில் வைத்துக்கொண்டு, அதை மட்டும் வைத்து அவரைப் பொய்யாக்கிவிடாதீர்கள். எங்கே மாறியது என்று தேடுங்கள்.

நாவலாக எழுத வருமென்றால் நாவலாகவே எழுதுங்கள். துப்பறிபவர் இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செத்தவரின் பேத்தியாக இருக்கலாம்.